குருவி தூங்கவில்லை

அன்றைக்குக் காலையில் சலவைக்கூடத்தில், குருவியைத் துணி மடிக்கிற பக்கத்திலிருந்து இஸ்திரி மெஷினுக்கு விரிப்புக் கொடுக்கிற பக்கத்துக்கு மாற்றிவிட்டது பெரியக்காதான். வழக்கமாக அங்கே நிற்கிறவள் காய்ச்சல் என்று வரவில்லை. அறுவை அரங்குக்குப் போகவேண்டிய விரிப்புகள் ஈரம் காயாமல் தள்ளுவண்டிகளில் மலைமாதிரி குவிந்து கிடந்தன. மேலேயிருந்து ஆள் வந்து கேட்டுவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போயாயிற்று.

"எனக்கு அந்தப் பக்கம்னாலே பயம்க்கா," என்றாள் குருவி.

"பயந்துட்டே நின்னா துணி தானா காயுமா? போடி, கொஞ்ச நேரம்தான். அந்த வண்டி முடிஞ்சதும் திரும்ப மாத்தி விடறேன்."

குருவி போய் நின்றாள். ஒடிசலான உடம்பு, ஓயாத வாய். எந்த வேலை செய்தாலும் ஏதாவது ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். அதனால்தான் அந்தப் பெயர்.

அது திருச்சபை நடத்துகிற மருத்துவமனை. சலவைக்கூடம் அதன் பின்கட்டில், கொதிகலனுக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே நுழைந்தாலே கண்ணாடி போட்டவர்களுக்குக் கண் தெரியாது, அவ்வளவு ஆவி. வேலை செய்கிற பெண்கள் எல்லாரும் காண்ட்ராக்டர் மூலமாக வந்தவர்கள். மேற்பார்வை பார்க்கிற பெரியக்கா மட்டும் மருத்துவமனையின் சொந்த ஆள்.

கூடத்தின் நடுவில் அந்தப் பெரிய இஸ்திரி மெஷின். கட்டில் நீளத்துக்கு இரும்பு உருளை, தொட்டால் தோல் ஒட்டிக்கொள்கிற சூட்டில் சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு பேர் விரிப்பின் முனைகளைப் பிடித்து உருளைக்குள் கொடுப்பார்கள். அந்தப் பக்கம் அது சுருக்கம் இல்லாமல் மொடமொடவென்று வெளியே வரும். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் தெரியாமல் அதில் பட்டால் போதும், மெஷின் நின்றுவிடும். தொல்லை என்னவென்றால், துணி மடங்கிப் பட்டாலும் நின்றுவிடும். மருத்துவமனையில் புதிய மாடி திறந்த பிறகு துணி இரட்டிப்பாயிற்று. கம்பி அடிக்கடி மெஷினை நிறுத்த, மேலேயிருந்து திட்டு விழ, ஒருநாள் மெக்கானிக் வந்து கம்பியைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் சாத்தி வைத்துவிட்டுப் போனார்.

"யார் சொன்னது?" என்று பெரியக்கா கேட்டாள்.

"மேலிடம்," என்றார் மெக்கானிக், ஆகாயத்தைக் காட்டி.

பெண்கள் சிரித்தார்கள். மேலிடம் என்றால் யார் என்று எல்லாருக்கும் தெரியும். மருத்துவமனை நிர்வாகியான ஃபாதர். பெரியக்காவின் சொந்தத் தம்பி.

அன்று காலை விரிப்பின் நாடா ஒன்று முடிச்சாகி உருளையில் சிக்கப் போனது. குருவி அதை நீவி விட்டாள். பெரியக்கா அப்போது துணி நிறுக்கிற தராசுப் பக்கம் திரும்பி, மெஷினுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். பாட்டு நின்றதுதான் முதலில் அவள் காதில் விழுந்தது. அலறல் அதற்குப் பிறகுதான் வந்தது. ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அறைந்தபோது, விரிப்பு வெள்ளையாக இல்லை.

அதே மருத்துவமனையில், அதே அரங்கில் அறுவை நடந்தது. மருத்துவர்கள் முடிந்த மட்டும் பார்த்தார்கள். வலது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும் மிஞ்சின.

வராந்தாவில் பெரியக்கா சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள். தம்பி அங்கியைக் கையால் கூட்டிப் பிடித்துக்கொண்டு படியிறங்கி ஓடி வந்தான். அவளைப் பார்த்ததும் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"பாவம்டா அது," என்று அவள் அழுதாள். "குழந்தைக்குச் சளியாம். ராத்திரி பூராவும் முழிச்சிருந்தேன்னு காலையிலதான் சொன்னா. நான்தான் போய் நில்லுன்னு துரத்தினேன்."

தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவனும் அழுதான். அந்த அழுகையைப் பிற்பாடு அவள் அடிக்கடி நினைத்துக்கொள்வாள். ஏனென்றால் அது பொய் இல்லை.

பெரியக்கா ஒரு காலத்தில் கன்னியர் மடத்தில் சேர்ந்தவள். துறவுக்கான முதல் வார்த்தைப்பாட்டுச் சத்தியம் கொடுப்பதற்கு முன்பே திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம் கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். சிரிப்பு. மௌனமாகச் சாப்பிடும் நேரத்தில் யாருக்காவது விக்கல் எடுத்தால் இவளுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிடும். 'உனக்குக் கீழ்ப்படிதல் இருக்கிறது, அடக்கம் இல்லை' என்றார் தலைமைச் சகோதரி. தகரப் பெட்டியோடு வீட்டு வாசலில் வந்து நின்றவளை ஊர் ஒரு மாதிரி பார்த்தது. கட்டிக்கொள்ள யாரும் முன்வரவில்லை, அவளும் தேடவில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு, "அக்காவை நான் பார்த்துக்கறேன்," என்று சொல்லித் தான் நிர்வாகியான இடத்திலேயே வேலையும் வீடும் கொடுத்தவன் தம்பி. வெளியே அவனை 'ஃபாதர்' என்பாள், 'வாங்க, போங்க' என்பாள். வீட்டுக்கு வந்தால் 'டேய், காலைக் கழுவிட்டு உள்ளே வா' என்பாள்.

விபத்துக்குப் பிறகு வந்தது உழைப்பாளரான சூசையப்பரின் திருநாள். கோவில் நிறைந்து வழிந்தது. சலவைக்கூடத்துப் பெண்களும் கடைசி வரிசைகளில் இருந்தார்கள். தம்பி மறையுரை வைத்தான். அவன் பேச்சில் எப்போதுமே ஒரு வசியம் உண்டு.

"வேலைக்காக மனுஷனைக் கடவுள் படைக்கலை," என்றான். "மனுஷனுக்காகத்தான் வேலை. தச்சுப் பட்டறையில வியர்வை சிந்தின ஒருத்தரை அப்பான்னு கூப்பிட்டவர் நம்ம ஆண்டவர். உழைக்கிறவரைக் கருவியா பார்க்கிறவன், கடவுளோட சாயலைக் கருவியா பார்க்கிறான்."

முன்வரிசையில் ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரியக்காவும் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். கூடவே கோபமும் வந்தது. இவன் இதை நடிக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் தெருநாய்க்குக் கட்டுப் போட்ட பிள்ளை. நம்பித்தான் பேசுகிறான். நம்பிக்கொண்டே எப்படி அந்தக் கம்பியைக் கழற்றச் சொன்னான் என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

பூசை முடிந்து மத்தியானம் அவன் சாப்பிட வந்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தானே ஒழிய வாய்க்குப் போகவில்லை.

"அக்கா, தொழிலாளர் துறையிலிருந்து விசாரணைக்கு வர்றாங்க. உன்னையும் கேட்பாங்க."

"கேட்கட்டும்."

"தடுப்புக் கம்பி இருக்கான்னு கேட்பாங்க. இருக்குன்னு சொல்லு. அவ்வளவுதான்."

கம்பி மறுபடி மாட்டப்பட்டிருந்தது. விபத்து நடந்த மறுநாளே மெக்கானிக் வந்து மாட்டினார். கறுத்துப்போன அந்த மெஷினில் அது மட்டும் புதுத் திருகாணிகளோடு பல்லிளித்துக்கொண்டிருந்தது.

"இப்ப இருக்கு. அன்னிக்கு இல்லையேடா."

"அன்னிக்கு இருந்துச்சான்னு கேட்டா அது வேற விஷயம். கேட்காத கேள்விக்கு நீயா எதுக்குப் பதில் சொல்லணும்? 'இருக்கு'ன்னு சொல்றது பொய்யா? நீயே சொல்லு."

பெரியக்கா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏன்டா, இந்த இலக்கணம் கத்துக்கவா உன்னைக் குருமடத்துல அத்தனை வருஷம் படிக்க வச்சாங்க?"

அவன் சிரிக்கவில்லை. "சலவைக்கூடத்தைப் பூட்டிட்டா ஆபரேஷன் தியேட்டர் நிக்கும். தியேட்டர் நின்னா வருமானம் நிக்கும். இலவச வார்டு எதுல ஓடுதுன்னு நினைக்கிறே? அங்க படுத்திருக்கிறவங்களை எந்த வாசலுக்குப் போகச் சொல்ல? குருவிக்காக நான் தினமும் முழங்கால் போட்டு ஜெபம் பண்றேன்க்கா. ஆனா இந்தப் பக்கம் ஒரு கை. அந்தப் பக்கம் அத்தனை உயிர்."

சொன்ன பிறகு அவனே ஒரு நொடி திகைத்த மாதிரி இருந்தது. 'ஒரு கை' என்று தன் வாயால் சொன்னது அவன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துகொண்டான். தட்டில் சோறு அப்படியே இருந்தது.

விசாரணை அவனுடைய அலுவலகத்தில் நடந்தது. சுவரில் பெரிய சிலுவை, மேஜையில் தூசி படியாத கண்ணாடி. வந்த அதிகாரி ஒரு நடுவயதுப் பெண்மணி. வெயிலில் அலைந்து களைத்த முகம், மரியாதையான பேச்சு. காண்ட்ராக்டர் பக்கத்து நாற்காலியில் பவ்யமாக உட்கார்ந்திருந்தார்.

"மெஷின்ல தடுப்புக் கம்பி இருக்காம்மா?"

"இருக்குங்க."

"ஒழுங்கா வேலை செய்யுதா?"

"செய்யுதுங்க."

அதோடு முடிந்துவிடும் என்றுதான் பெரியக்கா நினைத்தாள். அதிகாரி பேனாவை மேஜையில் தட்டினாள். "கம்பி நல்லா வேலை செய்யுதுன்னா கை எப்படி உள்ள போச்சு? அந்தப் பொண்ணு கண்ணசந்துட்டாங்களா?"

தம்பி மேஜைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "குழந்தைக்கு உடம்பு சரியில்லையாம். முந்தின நாள் ராத்திரி பூராவும் தூங்கலைன்னு சொல்லியிருக்காங்க."

வராந்தாவில் அவள் அழுதுகொண்டே சொன்னது. அவள் வாயிலிருந்து எடுத்து, அவள் கண்ணெதிரே, குருவியின் தலையில் கட்டுகிறான்.

அதிகாரி இவளைப் பார்த்தாள். "அப்படித்தானா அம்மா?"

ஆமாம் என்று அவள் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலை மட்டும் தானாகக் கொஞ்சம் அசைந்தது. எந்தப் பக்கம் அசைந்தது என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது. அதிகாரிக்கு அது போதுமாக இருந்தது. எழுதிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வேலை நடந்தது. விரிப்புகள் போயின, வந்தன. பெண்கள் அவளைப் பார்த்தால் பேச்சை நிறுத்தினார்கள். கொஞ்ச நாள் கழித்து, மனசு கேட்காமல், பெரியக்கா பழம் வாங்கிக்கொண்டு குருவியைப் பார்க்கப் போனாள்.

ஒடுக்கமான மாடிப்படி, மேலே ஒற்றை அறை. குருவியின் புருஷன் கொத்தனார். வேலைக்குப் போகாமல் வீட்டில்தான் இருந்தான். "வாங்க," என்று உதட்டளவில் சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டான். குருவி இடது கையால் குழந்தையின் தலையைச் சீவிக்கொண்டிருந்தாள். வகிடு கோணல்மாணலாக வந்தது. வலது கை துணிப் பொட்டலம்போல மடியில் கிடந்தது.

"உட்காருங்கக்கா," என்று காலாலேயே முக்காலியைத் தள்ளிவிட்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் பெரியக்காவுக்குத் தாங்கவில்லை.

குழந்தையை விளையாட அனுப்பிவிட்டு, குருவி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா, ஒண்ணு கேட்கட்டுமா? நான் தூங்கினேனா?"

பெரியக்கா பழப் பையைத் தரையில் வைத்தாள்.

"வேலை நேரத்துல நான் தூங்கிட்டேன்னு எழுதிட்டாங்களாம். காண்ட்ராக்டர் சொன்னார். பெரியக்காவே ஒத்துக்கிட்டாங்க, இனிமே நீ எங்க போய் முட்டினாலும் ஒண்ணும் நடக்காதுன்னார். நானும் யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன். பாடிட்டு இருந்ததாத்தான் ஞாபகம். பாடிக்கிட்டே யாராவது தூங்குவாங்களா? ஆனா நீங்க பொய் சொல்ற ஆள் இல்ல. அதான் குழப்பமா இருக்கு. ஊசி மருந்துல எனக்குத்தான் எல்லாம் மறந்து போச்சோ என்னவோ."

"குருவி..."

"கை போனது போச்சுக்கா. இரும்புக்கு என்ன தெரியும்? ஆனா நான் வேலையில தூங்கறவளா? இவர்கூட ஒருநாள் கேட்டுட்டார், நெஜமாவே தூங்கிட்டியாடின்னு. என் புருஷன், அக்கா. அவருக்கே சந்தேகம் வந்துடுச்சு. எனக்கே வந்துடுச்சு."

பெரியக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு தலையசைப்பு இவ்வளவு தூரம் நடந்து வந்து, இந்த மாடிப்படி ஏறி, இந்தப் பெண்ணின் ஞாபகத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்திருக்கிறது. விரலை எடுத்தது மெஷின். அவளை அவளே நம்ப முடியாமல் பண்ணியது நான்.

"நீ தூங்கலடி," என்றாள். "பாடிட்டுத்தான் இருந்தே. நான் கேட்டுட்டு இருந்தேன். பாட்டு நின்னதும்தான் திரும்பினேன்."

குருவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் முதலில் ஒரு நிம்மதி வந்தது. பிறகு அது மெல்ல இறுகிற்று.

"அப்ப ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

இலவச வார்டைப் பற்றிச் சொல்வதா? தம்பி சோறு போடுகிறான் என்று சொல்வதா? பெரியக்கா பழப் பையைச் சுவரோரமாக நகர்த்தி வைத்தாள்.

"அந்தப் பக்கம் என்னை மாத்துனதும் நீங்கதானே," என்றாள் குருவி. பிறகு எழுந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "போயிட்டு வாங்க."

வீட்டுக்குப் போகாமல் பெரியக்கா நேராகத் தம்பியின் அலுவலகத்துக்குப் போனாள். அவன் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் வைத்துவிட்டான்.

"நான் போய் உள்ளதைச் சொல்லப் போறேன். உன்கிட்ட சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"உட்காருக்கா."

"உட்கார வரல."

அவன் எழுந்து கதவைச் சாத்தினான். "யோசிச்சுப் பேசு. நீயும்தான் மாட்டுவே. கம்பி இல்லைன்னு தெரிஞ்சும் ஏன் வேலை வாங்கினேன்னு முதல் கேள்வி உன்னைத்தான் கேட்பாங்க."

"கேட்கட்டும். நியாயமான கேள்விதானே."

"அக்கா!" அவன் குரல் உயர்ந்தது. "இப்ப நான் உன் தம்பியா பேசல. இந்த மருத்துவமனையோட நிர்வாகியா சொல்றேன். நீ போகக் கூடாது."

"நிர்வாகி சொல்லிட்டீங்க, கேட்டுக்கிட்டேன்," என்றாள் பெரியக்கா. "தம்பி என்ன சொல்வான்னும் தெரியும். அக்கா மாட்டிக்குவாளேன்னு அழுவான். இன்னும் ஒருத்தர் பாக்கி இருக்காரே. பீடத்துல நின்னு பேசினாரே, அந்தச் சாமியார். அவர் என்ன சொல்றார்?"

அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் போனாள். தொழிலாளர் துறை அலுவலகத்தில் அந்த அதிகாரி மதியச் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். பெரியக்கா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கம்பியைக் கழற்றியது, கழற்றச் சொன்னது யார் என்பது, பயம் என்று சொன்னவளைத் துரத்தி நிறுத்தியது தான் என்பது, தலையை ஆட்டியது. முக்கியமாக ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்: அவள் தூங்கவில்லை.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா," என்றாள் அதிகாரி. திட்டுகிற மாதிரி இல்லை, அலுத்துப்போன மாதிரி.

"சொல்லியிருக்கணும்."

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் பெரியக்கா நினைத்த மாதிரி நடக்கவில்லை. சலவைக்கூடத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். துணி வெளியே எங்கேயோ போய்ச் சலவையாகி வந்தது. காண்ட்ராக்டரின் பெண்கள் அத்தனை பேரும் வீட்டில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி நேராக வாசலுக்கே வந்து, "உங்க மனசாட்சிக்கு எங்க அடுப்பு அணையணுமா பெரியக்கா? அன்னிக்கே சொல்லியிருந்தா கேட்டிருப்போம். இல்லைன்னா கடைசிவரைக்கும் வாயை மூடியிருக்கணும்," என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டுப் போனாள். பெரியக்கா எதிர்த்துப் பேசவில்லை. அவள் சொன்னதில் பாதி உண்மை.

அதைவிட மோசமானது ஒன்று நடந்தது. மெக்கானிக்கை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவர் தன்னிச்சையாகக் கம்பியைக் கழற்றிவிட்டாராம், நிர்வாகத்துக்குத் தெரியவே தெரியாதாம். ஆயர் இல்லத்தின், அதாவது பிஷப் வீட்டின், வக்கீல் சொல்லிக்கொடுத்த வழி அது. பிள்ளைகுட்டிக்காரர். சாமான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போகும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை.

பெரியக்கா தம்பியைத் தேடிப் போகவில்லை. போய் என்ன சொல்வது? வீட்டில் விளக்கேற்றி ஜெபமாலையைக் கையில் எடுப்பாள். மாலையில் பாதி மணிகளை உருட்டுவதற்குள் மனசு எங்கேயாவது போய்விடும். அவனுக்காக ஜெபிப்பதா, அவனுக்கு எதிராக ஜெபிப்பதா என்றே தெரியவில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவள் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். தம்பி நற்செய்தி வாசித்து முடித்தான். மக்கள் உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்து, கேட்பதற்குத் தயாரானார்கள். தம்பி புத்தகத்தின்மேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றான்.

"இன்னைக்கு மறையுரை இல்லை," என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டான்.

உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று சனங்கள் கிசுகிசுத்தார்கள். பெரியக்கா தூணில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

இரண்டாவது விசாரணையில் வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, தம்பி எழுந்து நின்று, "கம்பியைக் கழட்டச் சொன்னது நான். மெக்கானிக் வேண்டாம்னு சொன்னார். நான்தான் பொறுப்பு எனக்குன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு தூங்கினதா சொன்னதும் நான்தான்," என்றானாம். வக்கீல் அவன் அங்கியைப் பிடித்து இழுத்தாராம். அந்த அறையில் இருந்தவர்கள் வாய்வழியாகத்தான் இது பெரியக்காவின் காதுக்கு வந்தது. தம்பி அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆயர் அவனை நிர்வாகப் பொறுப்பிலிருந்து எடுத்துத் தொலைவில் ஒரு சின்னப் பங்குக் கோவிலுக்கு அனுப்பினார். அந்த இடத்துக்கு ஒரு கன்னியாஸ்திரி நிர்வாகியாக வந்தார். குருவியை மருத்துவமனையின் தொழிலாளி என்று ஒத்துக்கொண்டார்கள். அவளுக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. அவள்மேல் பிழை இல்லை என்று எழுதி, கொத்தனாரைக் கூப்பிட்டு அவன் முன்னாலேயே படித்துக் காட்டினார்கள். அவன் கேட்டுவிட்டு, "இதை அவகிட்ட வந்து சொல்லுங்க," என்றானாம். யாரும் போனதாகத் தெரியவில்லை. மெக்கானிக்கைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டார், வரமாட்டேன் என்றார். தம்பி பயந்ததும் பொய்யாகவில்லை. இலவச வார்டில் ஒரு பக்கத்துக் கட்டில்களை எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் கடந்து போகும்போது பெரியக்கா வேகமாக நடப்பாள்.

தம்பி கிளம்புகிற அன்று அவள் அவன் அறைக்குப் போனாள். கட்டில்மேல் துணிகள் இறைந்து கிடந்தன. அவளையறியாமல் கை ஒரு அங்கியை எடுத்து மடிக்க ஆரம்பித்தது. அவன் தடுக்கவில்லை.

"கோபமா இருக்குக்கா," என்றான். "நீ செஞ்சது சரின்னு தெரியுது. ராத்திரி படுத்தா தெரியுது, பீடத்துல நின்னா தெரியுது. ஆனா உன்மேல இருக்கிற கோபம் போகமாட்டேங்குது."

"எனக்கும்தான் உன்மேல போகல."

"என்ன பண்றது?"

"தெரியலடா. சட்டையை மடிப்போம் முதல்ல."

மடித்து முடித்தார்கள். வண்டி வந்தது. வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக முன்னால் போய் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டார்கள். பெரியக்கா போகவில்லை, அவனும் கூப்பிடவில்லை. வண்டிக் கதவைச் சாத்தும்போது மட்டும் அவளை ஒருமுறை பார்த்தான்.

சலவைக்கூடத்தைத் திறந்தபோது அவளை மேற்பார்வையிலிருந்து எடுத்து, உருளையில் துணி கொடுக்கிற இடத்தில் போட்டார்கள். அவளாகவே கேட்டு வாங்கிக்கொண்டது அது. கம்பி அடிக்கடி மெஷினை நிறுத்தும். பெண்கள் பெருமூச்சு விடுவார்கள். சிலர் அவளோடு மறுபடி பேச ஆரம்பித்தார்கள், சிலர் பேசவில்லை.

மழைக்காலம் தொடங்கிய சமயம் தம்பி போன் பண்ணினான். அங்கே கூரை ஒழுகுகிறதாம், பூசைக்கு வருகிறவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாமாம். வேறு என்னென்னவோ சொன்னான். பிறகுதான் கேட்டான்.

"அந்தப் பொண்ணைப் பார்த்தியா?"

"போன வாரம் போனேன்."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. இதுக்கு முன்னாடி போனப்ப எல்லாம் கதவையே திறக்கல. இந்தத் தடவை திறந்தா. குழந்தையைத் தூக்கிட்டு நின்னா. நானும் வாசல்லயே நின்னேன்."

"உள்ள வான்னு சொல்லலையா?"

"இல்லடா."

"மறுபடி போவியா?"

"போவேன்," என்றாள் பெரியக்கா. "நீயும் ஒருநாள் வரணும். கதவு திறப்பாளான்னு எனக்குத் தெரியாது. ஆனா வரணும்."

அவன் ஏதோ சொன்னான். சரி என்றா, மாட்டேன் என்றா, தெரியவில்லை. மழைச் சத்தம் அதை விழுங்கிவிட்டது. "என்ன சொன்னே?" என்று பெரியக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.